‘ங்க’ விட்டுப்போன ஞாயிற்றுக்கிழமை

1

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை என்னைப் பேசக் கூப்பிடுவார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. கனடாவில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் மனநிலைக் கோளாறுகளுக்கென்றே ஓர் உயர்பயிற்சி உண்டு. ஃபெலோஷிப் என்பார்கள். மனநல மருத்துவம் படித்து முடித்தவர்களும், நோயாளியைத் தொடாமல் ஆராய்ச்சி மட்டும் செய்கிறவர்களும் சேர்ந்து உட்கார்ந்து, மனம் பாதாளத்துக்குப் போகிற நோயையும் தூக்கமில்லாமல் உச்சத்தில் பறக்கிற நோயையும் மட்டும் படிப்பார்கள். நானும் கோயம்புத்தூரிலிருந்து அதே பயிற்சிக்கு ஒரு வருடம் என்று சொல்லிவிட்டு வந்தவன்தான். இப்போது எழுபது தாண்டிவிட்டது. அந்த ஒரு வருடம் இன்னும் முடிந்தபாடில்லை.

புதிதாக வந்தவர்களுக்கு நான் சொல்வது எப்போதும் ஒரே கதை. எங்கள் கொங்குப் பக்கத்தில் பேச்சில் ‘ங்க’ சேர்க்காமல் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று தொடங்குவேன். பஸ் கண்டக்டர் சண்டைக்கு வந்தால்கூட, “எறங்குங்க மொதல்ல” என்றுதான் சட்டையைப் பிடிப்பார். அப்படிப்பட்ட ஊரில், சென்னிமலை என்ற இடத்தில், பெட்ஷீட் நெய்கிற ஒருவருக்கு இருமுனைக் கோளாறு. நோய் உச்சத்துக்கு ஏறப்போகிறது என்றால் தூக்கம் குறைவதற்கு முன்பே, காசு இறைபடுவதற்கு முன்பே, அவர் பேச்சிலிருந்து ‘ங்க’ போய்விடும். பெரியவர், சின்னவர் எல்லாரும் ‘நீ’தான். வீட்டில் உள்ளவர்கள் அதை வைத்தே டாக்டருக்குச் சொல்லிவிடுவார்கள். மருந்தைக் கூட்டினால் பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். “நம்முடைய எந்தக் கேள்வித்தாளிலும் இந்தக் கேள்வி இல்லை. ஒவ்வொரு நோயாளியின் ‘ங்க’ எது என்று தேடுங்கள்” என்று முடிப்பேன். கை தட்டுவார்கள்.

நல்ல பாடம்தான். ஆனால் அந்த மனிதர் சென்னிமலைக்காரர் அல்ல. பெட்ஷீட்டும் நெய்வதில்லை. சூலூரில் விசைத்தறி ஓட்டுகிறார். பெயர் சுப்பிரமணி. என் கூடப் பிறந்த தம்பி.

2

இந்த முறை வந்தவர்களில் ஒருத்தி கோபிச்செட்டிபாளையத்துக்காரி. வித்யா. அங்கே தனி மருத்துவமனையில் வேலை பார்த்தவள். கணவனையும் நான்கு வயது மகனையும் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். என் பேச்சு முடிந்ததும் காபிக் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

“சார், ஒண்ணு கேக்கட்டுங்களா?”

எத்தனையோ வருடங்களாக அந்த அறையில் யாரும் என்னிடம் ‘ங்களா’ போட்டுப் பேசியதில்லை. “கேளும்மா” என்றேன்.

“அவருக்குக் கோவம் வந்தா என்ன பண்ணுவாருங்க?”

“யாருக்கு?”

“உங்க பேஷன்டுக்குத்தானுங்க. நோவு இல்லாதப்ப, சும்மா, நம்மளாட்டம் கோவம் வருமில்லீங்களா? அப்ப ‘ங்க’ இருக்குங்களா, போயிருங்களா?”

நான் யோசித்தேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. சுப்பு என்னிடம் கோபப்பட்டதே இல்லை என்பதுதான் நினைவுக்கு வந்தது.

“எங்க ஊட்டுக்காரருக்குக் கோவம் வந்தா எச்சா ரண்டு ‘ங்க’ சேருமுங்க சார்” என்று அவளே சிரித்தாள். “நேத்து போன்ல, ‘வாங்க டாக்டரம்மா, பையனொருத்தன் இருக்கறது ஞாபகம் இருக்குதுங்களா’ன்னாருங்க. நான் கட் பண்ணிப்போட்டு அழுதுட்டேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். எப்போது திரும்புவாய் என்று கேட்டேன். “ஒரே வருஷமுங்க” என்றாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

3

சுப்புவுக்கு நோய் முதலில் வந்தபோது நான் கோயம்புத்தூரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். அவன் பி.காம். முடித்துவிட்டு அப்பாவோடு தறி பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவை நிமிர்ந்து பார்க்காதவன். ஒருநாள் சூலூர் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால், “யோவ், வாய்யா போலாம், தறியெல்லாம் வித்துப்போட்டு ஏரோப்ளேன் வாங்கலாம்” என்று அப்பாவின் தோளில் கை போட்டான். விமானப்படைத் தளம் இருக்கிற ஊர். கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஏரோப்ளேன் அவர் காதில் ஏறவேயில்லை. ‘யோவ்’ என்பதைத்தான் இரவெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

அதனால்தான் நான் மனநல மருத்துவம் எடுத்தேன். அந்த நோயை முழுதாகக் கற்றுக்கொண்டு திரும்பி வந்து தம்பியைப் பார்த்துக்கொள்வேன் என்றுதான் இந்தப் பயிற்சிக்கு வந்தேன். பீளமேடு விமான நிலையத்தில், “போயிட்டு வாங்ண்ணா. நீங்க வார வரைக்கும் நான் மாத்திரைய நிறுத்த மாட்டேனுங்க” என்றான் சுப்பு.

அவன் நிறுத்தவில்லை.

இங்கே வந்த புதிதில், வார்டில் ஒரு மூதாட்டியிடம் விடைபெறும்போது, நம் வழக்கத்தை அப்படியே ஆங்கிலத்தில் போட்டு, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கடுமையான மனச்சோர்வில் இருந்தவர். நான் திரும்பி வருவேன் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிடக்கூடப் போகாமல் காத்திருந்தாராம். மறுநாள் செவிலியர் சொன்னபோது வெட்கமாக இருந்தது. அந்த ஊர் வார்த்தையை இங்கே யாரிடமும் சொல்லக்கூடாது என்று அன்றே விட்டுவிட்டேன். ஊரில் சொல்லிவிட்டு வந்தவனும் அப்படித்தான் காத்திருக்கிறான் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

பிறகு தேர்வுகள். இங்கே மருத்துவம் பார்க்க உரிமம் வேண்டும் என்றால் படித்ததையெல்லாம் மறுபடி படித்து நிரூபிக்க வேண்டும். ஒரு சான்றிதழுக்கு முத்திரை போதாது, இன்னொன்றில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் ஏன் என்று கேள்வி. அதெல்லாம் முடிந்தபோது மகள் மீரா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். யாருக்காகக் கற்க வந்தேனோ அவனுக்கு நான் வாரம் ஒரு போன் ஆனேன். கற்றதெல்லாம் முன்பின் தெரியாதவர்களுக்கு ஆனது. அவர்களில் பலர் பிழைத்தார்கள். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

4

செப்டம்பர்ப் பேச்சை இந்த ஆண்டு முதல்முறையாகப் படம்பிடித்தார்கள். இணையத்தில் போடுவதற்கு முன் பயிற்சி அலுவலகப் பெண் என்னைக் கூப்பிட்டு, அந்த நோயாளியிடம் அனுமதி வாங்கிவிட்டீர்களா என்று கேட்டாள். அவர் வெகுதூரத்தில் இருக்கிறார், தொடர்புகொள்ள வழியில்லை, ஊரும் தொழிலும் மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன் என்றேன். தொடர்புகொள்ள வழியில்லாத அந்த மனிதனோடு நான் ஞாயிறுதோறும் பேசுகிறேன்.

போட்டார்கள். பார்த்தேன். நன்றாகத்தான் பேசியிருந்தேன். புதுக் கோட்டும் பொருத்தமாக இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அதை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினேன். ஆம், நானேதான். சுப்புவும் அந்தக் குழுவில் இருக்கிறான். ஆங்கிலத்தில் ஒரு மணி நேரம் பேசியதை யார் உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள், அண்ணன் மேடையில் நிற்கிற படத்தைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். பலரும் அப்படித்தான் கும்பிடு போட்டார்கள். அவன் பி.காம். படித்தவன் என்பது எனக்கு நினைவுக்கு வரவில்லை. நோய் வந்த நாளிலிருந்து அவனை நான் படித்தவனாக நினைப்பதை விட்டுவிட்டேன் போலிருக்கிறது.

ஞாயிறு காலை வழக்கம்போலக் கூப்பிட்டேன். அங்கே மாலை. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது, அதனால் அவன் குரல் தெளிவாகக் கேட்கும். எப்போதும், “சொல்லுங்ண்ணா, காப்பி குடிச்சாச்சுங்களா?” என்றுதான் தொடங்குவான்.

“ம். சொல்லு” என்றான்.

“தம்பி, நல்லாயிருக்கறயா?”

“இருக்கறேன். நீ எப்படி இருக்கறே?”

நீ.

“தூக்கமெல்லாம் எப்படிக் கண்ணு?”

“தூங்கல.”

“எத்தனை நாளா?”

“வெள்ளிக்கிழமையிலிருந்து.”

“மாத்திரை?”

“உன்ற மாத்திரைய நீயே தின்னு” என்றான். “என்னை எப்பொ நீ சென்னிமலைக்குக் குடி மாத்துனே? சொல்லியிருந்தா பெட்டி படுக்கையெல்லாம் கட்டியிருப்பேன்.”

போனை வைத்துவிட்டான்.

இப்போது எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அவன் தெளிவாகச் சொல்லியிருக்கிறான். சென்னிமலை என்றே சொல்லியிருக்கிறான். நான் அதைக் கேட்கவில்லை. தூங்கவில்லை, மாத்திரை வேண்டாம் என்கிறான், ‘ங்க’ போய்விட்டது, சம்பந்தமில்லாமல் ஊர் மாறுகிறேன் என்கிறான். என் காதில் விழுந்தது இந்தப் பட்டியல்தான். மனசு பதறினால் ஒரு டாக்டருக்கும் புத்தி எங்கே போகிறது என்று தெரியவில்லை.

உடனே அவன் மனைவி கோமதியைக் கூப்பிட்டேன்.

“நல்லாத்தானுங்க இருக்கறாரு மாமா” என்றாள். “ரண்டு நாளா ஆருகூடயும் பேசறதில்ல. அவ்வளவுதானுங்க. மாத்திரை காலைல எங்கையாலதான் குடுத்தேனுங்க.”

“கார் சாவியை எடுத்து வெச்சுக்கோ. செக் புக்கையும். அப்புறம் கார்த்தியை வரச்சொல்லு.”

கார்த்தி அவர்கள் மகன். திருப்பூரில் வேலை.

“மாமா, ஒருவாட்டி அவருகிட்டயே கேட்டுப்போட்டு...”

“நான் சொல்றதைக் கேளும்மா. இது எப்படி ஆரம்பிக்கும்னு எனக்குத் தெரியும்.”

கோயம்புத்தூரில் அவனைப் பார்க்கிற டாக்டர் ஒருகாலத்தில் எனக்கு ஜூனியர். அவரையும் கூப்பிட்டேன். முதலில் நேரில் பார்த்துவிடுகிறேன் என்றார். அதுவரை காத்திருக்காதீர்கள், என் பொறுப்பு என்றேன். நான் சொன்னால் அவர் மறுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே மருந்து கூடியது. மறுநாள் கார்த்தி அப்பாவை மருத்துவமனையில் சேர்த்தான்.

சுப்பு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம். வேட்டி மாற்றிக்கொண்டு தானாகவே போய்க் காரில் ஏறினானாம். “அப்பா அடம் பண்ணுவாருன்னு நெனச்சேனுங்க பெரியப்பா. கதவத் தெறந்து உக்காந்துட்டு, ‘சீக்கிரம் எடு, உங்க பெரியப்பன் காத்துட்டிருப்பாரு’ன்னாருங்க” என்றான் கார்த்தி. அவன் குரல் சரியாக இல்லை.

5

அந்த வாரம் நான் சாப்பிட்டது நினைவில்லை. தொலைபேசி எந்த அறையில் இருக்கிறதோ அந்த அறையில் நானும் இருந்தேன். உச்சத்துக்குப் போய்விட்டு இறங்கும்போதுதான் ஆபத்து என்று மற்றவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தவன். அவன் இறங்கும்போது யார் பக்கத்தில் இருப்பார்கள், கோமதி மொட்டைமாடிக் கதவைப் பூட்டினாளா, இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. கோமதிக்கு ஒரு நாளில் பல முறை போன் செய்தேன். அவன் தூங்கிக்கொண்டே இருக்கிறான், எழுந்தால் கை நடுங்குகிறது, காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை என்றாள். மருந்து பிடிக்கிறது என்று நானே அவளுக்குத் தைரியம் சொன்னேன்.

வார இறுதியில் கோயம்புத்தூர் டாக்டர் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் என் உடல்நிலையை விசாரித்தார். பிறகு தயங்கினார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. நான் தெனமும் உக்காந்து பேசிப் பாத்தேனுங்க. அவருக்கு நோவு ஒண்ணுமில்லீங்க. நீங்க சொன்னதுனால பாக்காமயே மருந்தக் கூட்டிப்போட்டேன். அது என்ற தப்புங்க.”

“பின்னே?”

“கோவமா இருக்காருங்க. அவ்வளவுதான்.”

“என்ன கோபம்?”

“நானும் கேட்டேனுங்க. ‘எங்கண்ணனுக்குத் தெரியும், அவரு பெரிய டாக்டரு, அவரையே கேளுங்க’ன்னாருங்க.”

அப்போதுதான் சென்னிமலை என்ற சொல் என் காதுக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் ஊரில் பெரியவனைப் பார்த்து ‘நீ’ என்று சொல்ல ஒருவனுக்கு எவ்வளவு கோபம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவன் வாழ்நாளில் நோயின் துணையில்லாமல் முதல்முறையாக அந்தச் சொல்லை எடுத்திருக்கிறான். அதற்கு நான் ஊசி போட வைத்தேன். இதைவிட நேராகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

6

மீரா இங்கேயே ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறாள். அவளுடைய தமிழ் முழுக்க அவள் அம்மா அவளிடம் பேசியதைக் கேட்டுக் கற்றது. “நீ வா, நீ சாப்பிடு” என்று குழந்தையிடம் பேசுவதுதானே அவள் காதில் விழுந்தது? அதனால் அவளும் எல்லாரையும் ‘நீ’ என்றே கூப்பிடுவாள். சின்ன வயதில் சூலூர் போனபோது, “சித்தப்பா, நீ தறி ஓட்டிக் காட்டு” என்றாள். வந்திருந்த சொந்தக்காரர்களுக்கு முகம் மாறிவிட்டது. சுப்பு அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, “எனக்குச் சின்னவங்கள்ல என்னை ‘நீ’ங்கறது நீ ஒருத்திதான் கண்ணு. நல்லாத்தான் இருக்குது” என்றான். அவள் ஊர்முறையை மறந்துகொண்டே போகிறாள் என்று நான்தான் கவலைப்பட்டேன்.

டாக்டர் பேசிய சில நாளில் வந்தவள், நான் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “அப்பா, நீ ஏன் ஒரு மாதிரி இருக்கே?” என்றாள். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“நான் உன்னை ‘நீ’ன்னுதான் சொல்றேன். எனக்கும் மாத்திரை குடுப்பியா?”

“உன் கதை வேறம்மா.”

“சித்தப்பாக்குக் கோவம்னா கோவம்தானே? நீ ஏன் அதுக்கு ஒரு பேர் வெக்கறே?”

அவளுக்குத் தமிழில் அதற்கு மேல் சொல்ல வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாசலில் காரை எடுக்கும்போது கண்ணாடியை இறக்கி, “நீ அவர்கிட்ட சாரி சொன்னியா?” என்று கேட்டாள். தலையாட்டினேன். ஆம் என்றா, இல்லை என்றா என்று இங்கே வளர்ந்தவளுக்குப் புரியாதபடிதான் நம் தலையாட்டல் இருக்கிறது.

7

சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை. வீடு திரும்பியிருந்தான்.

“வணக்கமுங்க டாக்டர்” என்றான். “தூக்கம் நல்லா வருதுங்க. மாத்திரை நேரத்துக்குத் திங்கறேனுங்க. கை நடுக்கம் கொறஞ்சிருச்சுங்க. வேற ஏதாச்சும் கேக்கோணுங்களா?”

“தம்பி, நான் பண்ணினது தப்பு.”

“பெரியவங்க நீங்க. அப்படியெல்லாம் சொல்லக்கூடாதுங்க.”

“அந்தப் பேச்சை எடுத்துவிடச் சொல்லிட்டேன். எடுத்துட்டாங்க.”

“எதுக்குங்க எடுக்கோணும்? நாலு பேருக்குப் பிரயோசனமா இருந்தாச் செரீங்க.”

“சுப்பு, என்னைத் திட்டு கண்ணு. ரண்டு வார்த்தை திட்டு.”

“நானெதுக்குங்க திட்டறேன்? திட்டுனா ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப்போடுவீங்க.”

வித்யா சொன்ன, கோபத்தில் எச்சாகச் சேருகிற இரண்டு ‘ங்க’ இதுதான் என்று எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே வணக்கம், அதே டாக்டர், அதே பதில்கள். ஒரு ‘ங்க’ குறையாது.

இந்தப் பயிற்சிக்காரர்கள் அடுத்த ஆண்டுப் பேச்சுக்கு இப்போதே கேட்டிருக்கிறார்கள். வேறு யாரையாவது பாருங்கள் என்று எழுதிவிட்டேன். காரணம் கேட்டார்கள். உடல்நிலை என்று முதலில் எழுதி, அதை அழித்துவிட்டு, அந்த நோயாளி என் தம்பி என்றும் அனுமதி கேட்கவில்லை என்றும் எழுதினேன். இதையெல்லாம் விசாரிப்பதற்கென்று ஒரு குழு இருக்கிறதாம். கூப்பிடுவார்கள். அதைப் பற்றி எனக்குப் பயமில்லை. என் பயம் வேறு.

இப்போது ஞாயிறுதோறும் போனை எடுக்கும்போது அவன் ‘ங்க’ போக வேண்டும் என்று ஏங்குகிறேன். போனால் அவன் என்னிடம் வந்துவிட்டான் என்று ஆகும். அதே நேரம், போய்விடுமோ என்றும் பயப்படுகிறேன். போனால் நோய் திரும்பிவிட்டது என்றும் ஆகலாம். இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் நான் கடல் தாண்டி வந்து படித்தேன். இத்தனை தூரத்திலிருந்து எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

போன ஞாயிறு, பேச்சு முடிகிற நேரம். தையில் நான் ஊருக்கு வரலாமா என்று கேட்டேன். “உங்க ஊடு. எப்ப வேணா வாங்க” என்றவன், போனை வைக்கும் முன், “செரி, வை” என்றான்.

வை. ‘வைங்க’ இல்லை.

களைப்பா, மறதியா, கோபம் இளகியதா, அல்லது அதுவா? கை தானாகக் கோமதியின் எண்ணைத் தட்டிவிட்டது. மணி அடிப்பதற்குள் அணைத்துவிட்டேன். ஆனாலும் அங்கே பதிவாகியிருக்கிறது. ஒரு நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள்.

“மாமா, கூப்புட்டீங்களாங்க?”

“இல்லம்மா. கை பட்டுருச்சு.”

அவளுக்குப் பின்னாலிருந்து சுப்புவின் குரல் கேட்டது. பாத்திரம் ஏதோ நகர்கிற சத்தத்துக்கு நடுவே, சத்தமாக, எனக்குக் கேட்க வேண்டும் என்றே.

“ஆரு, அண்ணனா? சித்த சும்மா இருக்கச் சொல்லு அவனை.”

கோமதி பதறிப்போனாள். “அவரு சும்மா வெளையாட்டுக்கு... நல்லாத்தானுங்க இருக்கறாரு, நேத்து ராத்திரி நல்லாத் தூங்குனாருங்க மாமா, மாத்திரையும்...” என்று அடுக்கிக்கொண்டே போனாள். இப்படி அடுக்கிச் சொல்ல அவளுக்குப் பழக்கிவைத்தவன் நான்தான்.

“போதும்மா” என்றேன்.

“அவருகிட்ட என்னன்னுங்க சொல்லட்டும்?”

கேட்பதற்கு என் நாக்கு நுனியில் நான்கு கேள்விகள் இருந்தன. எல்லாம் சரியான கேள்விகள்.

“சும்மா இருக்கறேன்னு சொல்லும்மா” என்றேன்.